ஓர்ட்டா, கார்சியா தா (சுமார் 1501–1568)

போர்த்துக்கல் தேசத்து வைத்தியர். இந்திய மூலிகைகளைப் பற்றிய மகத்தான நூலொன்றை 1563-இல் கோவா நகரில் அச்சிட்டவர். பரதேசவாசத்தில் தம் குலத்தை இறுதிவரை மறைத்து வாழ்ந்த யூதர்.

1492-இல் ஸ்பெயின் நாட்டினின்று யூதர்கள் வெளியேற்றப்பட்டபோது எல்லையைக் கடந்து போர்த்துக்கல்லை அடைந்த குடும்பம் அவருடையது. அந்நாடும் 1497-இல் யூதர்களைப் பலவந்தமாக ஞானஸ்நானம் பெறச் செய்து 'புதுக் கிறிஸ்தவர்' ஆக்கிவிட்டமையால், அவர் வெளிப்பார்வைக்குக் கிறிஸ்தவராகவே வளர்ந்து, ஸலமாங்காவிலும் அல்காலாவிலும் வைத்தியம் பயின்று, லிஸ்பனில் ஆசிரியராயிருந்து, 1534-இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். லிஸ்பனில் 1547-இல் மத விசாரணையினரிடம் சிக்கி மீண்ட சகோதரியர் இருவரும் தாயாரும் 1549-இல் அவரிடம் வந்து சேர்ந்தனர்.

ருவானோ என்னும் கற்பனைப் பண்டிதருக்கும் தமக்கும் நிகழும் சம்பாஷணைகளாக அவர் அமைத்த அந்நூல், கிரேக்க ஆசான்களின் வாக்கைக் காட்டிலும் கண்ணாற் கண்டதையே பிரமாணமாகக் கொள்வது. மிளகும் ஏலமும் வெற்றிலையும், ஏன், கோபிசெட்டிபாளையத்து வயல்களில் இன்றும் விளையும் மஞ்சளுங்கூட அதில் விசாரிக்கப்படுகின்றன. செடியின் பிறப்பிடத்தை அத்தனை கூர்மையாகத் துருவிய அம்மனிதர், தம் பிறப்பைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. 1560-இல் கோவாவிலும் மத விசாரணை மன்றம் ஏற்பட்டுவிட்ட நிலையில் அம்மௌனத்தைக் குறைகூற யாருக்கும் நியாயமில்லை.

1568-இல் அவர் இயற்கையாக மரித்த பின்னரே ரகசியம் வெளிப்பட்டது. கைதான உறவினரின் வாக்குமூலங்கள் அவர் மோசேயின் நியாயப்பிரமாணத்தை மறைவாக அனுசரித்ததைக் கூறின. சகோதரி கத்தரீனா 1569-இல் உயிரோடு எரிக்கப்பட்டாள். 1580-இல் அவருடைய எலும்புகளையும் தோண்டி எடுத்துத் தீயிலிட்டனர். ஆங்கிலேயர் ஆண்ட சென்னையில் 1688-இல் நகராட்சி மன்றம் தொடங்கியபோது அவ்வினத்து யூத வணிகர் பகிரங்கமாக ஆல்டர்மன்களாய் அமர்ந்தனர் என்பதை ஒப்புநோக்கினால், ஆளும் கொடி மாறியதன் பலன் விளங்கும்.

ஃபிகால்யோ பிரபு 1886-இல் ஓர்ட்டாவின் விரிவான சரித்திரத்தை எழுதியபோது கோவா மத விசாரணை மன்றத்தின் ஏடுகள் வெளிச்சத்துக்கு வரவில்லை. 1934-இல் அகுஸ்தோ த ஸில்வா கார்வால்யோ அவற்றை ஆராய்ந்து வெளியிட்ட பிறகே அக்குடும்பத்தின் கதை உலகுக்குத் தெரிந்தது. அழிக்க முனைந்தவர்களே அதை எழுத்தில் பத்திரப்படுத்தி வைத்திருந்தனர்.