பன்னீர் ரோஜாவின் பிறப்பு வரலாறு

ஆலயங்களில் காலசந்தி தொடங்கி அர்த்தசாமம் ஈறாக இறைவன் திருமேனியில் ஏறும் மலர்களுள் ரோஜாவும் ஒன்றாக விளங்குகின்றது. கதம்ப மாலையில் மருக்கொழுந்துக்கும் மல்லிகைக்கும் இடையே அது செம்மை காட்டி நிற்கின்றது. அருச்சனைத் தட்டில் அதன் இதழ்கள் குவிகின்றன. அபிஷேகத்தில் பன்னீராகச் சொரிவதும் அதன் சாரமே. இத்துணை நெருங்கிய உறவு பூண்ட மலராயினும், இது தமிழகத்தின் தொன்மலர்களுள் ஒன்றன்று. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்களை அடுக்கிக் கூறினார். அவற்றுள் ரோஜா இல்லை. திருப்புகலூரில் முருக நாயனார் கோட்டுப்பூ, நீர்ப்பூ, கொடிப்பூ, நிலப்பூ என நால்வகை மலரும் வைகறையிற் கொய்து மாலை தொடுத்துச் சாத்திய திருத்தொண்டைப் பெரியபுராணம் விரிக்கின்றது. அங்கும் இதன் பெயர் காணப்பெறவில்லை. பிற்காலத்தே வந்த ஒரு மலர் நித்திய பூஜையில் இடம் பெற்றது எவ்வாறு என்பது அறிந்து இன்புறத்தக்க வரலாறாகும்.

முதற்கண் பெயரைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். பனிநீர் என்பதே பன்னீர் என மருவிற்று. மலையாள நாட்டில் ரோஜாவுக்குப் பனிநீர்ப்பூ என்ற பெயரே வழங்குகின்றது. திருச்செந்தூரில் திருநீறு வைத்து வழங்கும் பன்னீர் இலையோ முற்றிலும் வேறானது. அது கடற்கரை நிலங்களில் வளரும் ஒரு மரத்தின் இலை; அம்மரம் காப்பிச் செடியின் குடும்பத்தைச் சார்ந்தது. அதன் வெண்மலரும் நறுமணம் வாய்ந்ததேயாயினும், ரோஜாவோடு அதற்கு யாதோர் உறவும் இல்லை. இனி, பன்னீர் ரோஜா என்னும் பெயரும் ஒரே செடிக்கு உரியதாக வழங்கவில்லை. மேற்காசியாவினின்றும் வந்த தமாஸ்க் ரோஜாவையும் அப்பெயரால் அழைப்பர். எட்வர்ட் ரோஜாவையும் அப்பெயரால் அழைப்பர். இவ்விரண்டுள் எட்வர்ட் ரோஜாவே தமிழ்நாட்டுச் சமவெளியில் ஆண்டு முழுதும் பூத்துப் பூக்கடைக்கு வரும் மலராகும். தமாஸ்க் அதற்குத் தாய்வழியோ தந்தைவழியோ முன்னோர் முறையினது.

தமாஸ்க் ரோஜாவின் பெருமை அதன் மணம். 2000-ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு, மூன்று காட்டு ரோஜா இனங்களின் கலப்பால் அது தோன்றியது என்று காட்டிற்று. ஒரு கிலோ ரோஜா எண்ணெய் இறக்குவதற்கு அதன் மலர்கள் 3,000 முதல் 4,000 கிலோ வரை வேண்டும் என்பர். ரோஜா தென்னாட்டாரின் உள்ளத்தைக் கவர்ந்ததும் நெடுநாட்களுக்கு முன்னரேயாம். 1443-இல் விஜயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அந்நகரில் எங்கு நோக்கினும் ரோஜா விற்பதையும், மக்கள் அதனை உணவுக்கு நிகராக இன்றியமையாததெனக் கொண்டதையும் வியந்து எழுதிவைத்தார். ஆயினும் தமாஸ்கிற்கு ஒரு குறை உண்டு. வேனிலின் தொடக்கத்தே சில வாரங்கள் கொத்துக்கொத்தாகப் பூத்துவிட்டுப் பின் ஓய்ந்துவிடும். அதன் வகைகளுள் ஒன்று மட்டும் கூதிர்ப் பருவத்தில் மறுமுறையும் ஓரளவு பூக்கும். பிரெஞ்சுக்காரர் அதற்கு ‘நான்கு பருவ ரோஜா’ என்று பெயரிட்டனர். இரு பருவத்தில் பூப்பதற்கு நான்கு பருவம் என்றது அன்பின் மிகுதியே போலும்.

இதற்கு நேர்மாறானது சீன ரோஜா. அது திங்கள்தோறும் பூக்கும். குளிரும் வெயிலும் பாராது. ஆனால் மணமோ மெல்லிது. வேனிற்பூப்புக்குப் பின் செடியைப் பூவாது நிறுத்திவைக்கும் மரபணு ஒன்று காட்டு ரோஜாவில் உண்டென்றும், சீன ரோஜாவில் அது செயலிழந்து கிடக்கின்றதென்றும் 2012-இல் ஆய்வாளர் கண்டறிந்தனர். பழங்காலத் தோட்டக்காரர் காரணம் அறியாவிடினும் பயனை அறிந்திருந்தனர். ஒன்றில் மணம் உண்டு, தொடர்பூப்பு இல்லை. மற்றொன்றில் தொடர்பூப்பு உண்டு, மணம் இல்லை. இவ்விரண்டும் அருகருகே நின்று கலந்த இடம் பாரசீகமும் அன்று, சீனமும் அன்று; இந்துமாக்கடலின் நடுவே கிடக்கும் ஒரு சிறு தீவாகும்.

மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரீசியசுக்கு அண்மையில் உள்ளது அத்தீவு. பரப்பு ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர், நடுவே எரிமலை. பிரெஞ்சு அரச குலத்தின் பெயரால் 1649-இல் அது பூர்போன் தீவு எனப் பெயர் பெற்றது. அரசு மாறுந்தோறும் அதன் பெயரும் மாறிற்று: புரட்சிக் காலத்தில் 1793-இல் ரெயூனியன் ஆயிற்று, பின்னர் நெப்போலியன் பெயரைத் தாங்கிற்று, ஆங்கிலேயர் 1810-இல் கைப்பற்றிய பின்னர் மீண்டும் பூர்போன் ஆயிற்று. 1848 முதல் ரெயூனியன் என்ற பெயரே நிலைத்தது. 1806, 1807 ஆண்டுகளின் கொடும்புயல்களால் காப்பியும் கிராம்பும் அழிந்தன. அதன் பின்னர் நிலக்கிழார்கள் கரும்பை நாடினர். மக்களிற் பெரும்பாலோர் அடிமைகள். அத்தீவின் எழில் பேசுவோர் இதனை மறத்தல் ஆகாது. வேலிகளை நட்டுக் கத்தரித்து வளர்த்த கைகள் பெரும்பாலும் அவர்களுடையனவே. அவர்கள் பெயர் ஒன்றேனும் இம்மலரின் வரலாற்றில் எழுதப்பெறவில்லை.

அத்தீவினர் தம் நிலத்துக்கு ரோஜாவை வேலியாக நடுதல் வழக்கம். இரு வரிசைகளில் ஒன்று சீன ரோஜா, மற்றொன்று நான்கு பருவ ரோஜா. இவ்விரண்டன்றி வேறு ரோஜா அத்தீவில் அந்நாளில் இல்லை என்பர். கிழக்குக் கரையில் சேன் பெனுவா என்னும் ஊரில் எதுவார் பெரிஷோன் என்னும் நிலக்கிழார் இருந்தார். வேலிக்காக நட்ட இளஞ்செடிகளுள் ஒன்று, தளிராலும் இலையாலும் ஏனையவற்றினின்று வேறுபட்டு நிற்பதை அவர் கண்டார். களையெனப் பிடுங்கி எறியாமல் பெயர்த்தெடுத்துத் தம் தோட்டத்தில் தனியே நட்டார். மறு ஆண்டு அது பூத்தது. இளஞ்சிவப்பு ஆழ்ந்த நிறம், அடுக்கிதழ், தமாஸ்கின் மணம், சீன ரோஜாவைப் போல மீண்டும் மீண்டும் பூக்கும் இயல்பு. எவரும் திட்டமிட்டுக் கலக்கவில்லை. வண்டும் காற்றும் செய்த வேலை. தீவினர் அதனை ‘எதுவார் ரோஜா’ என்றே அழைத்தனர்.

1817-இல் அத்தீவின் அரசாங்கத் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்று வந்த நிக்கோலா பிரேயோன் என்னும் தாவர நூலார் இதனைக் கண்டு வியந்து பல செடிகளாகப் பெருக்கினார். விதைகளைப் பாரிசின் அருகே நெய்யி அரண்மனைத் தோட்டத் தலைவர் ழாக்கிற்கு அனுப்பினார். 1819 என்பது பெரும்பாலோர் கொள்ளும் ஆண்டு. அத்தோட்டத்தின் உடையவரே பின்னர் 1830-இல் பிரான்சின் அரசரான லூயி பிலிப். விதையினின்று எழுந்த செடிகள் தாயை முற்றும் ஒத்திராவிடினும் மணத்தில் குறையவில்லை. மலர் ஓவியத்தில் ஒப்பற்றவரான ரெதுத்தே 1824-க்குள் முடித்த தம் ரோஜா ஓவியத் தொகுதியில் இதனையும் தீட்டினார். அதன் பின்னர் பூர்போன் ரோஜாக்கள் என்னும் ஒரு குடும்பமே ஐரோப்பாவில் தழைத்தது. லியோன் நகரில் 1843-இல் தோன்றிய ‘மால்மேசோன் நினைவு’, முள்ளில்லாக் கொடியாகிய 1868-இன் ‘செஃபிரின் துரூவேன்’, மணத்துக்குப் பேர்போன 1881-இன் ‘மதாம் இசாக் பெரேர்’ ஆகியன இன்றும் தோட்டங்களில் உள்ளன. 1867-இல் வெளிவந்த ‘லா பிரான்ஸ்’ கலப்புத் தேயிலை ரோஜா என்னும் புதிய வகுப்பைத் தொடங்கி வைத்தது. அவ்வகுப்பின் நீண்ட காம்பும் கூர்ந்த மொட்டும் கண்ணைக் கவரவே, மேலைநாட்டு வாணிகத்தில் பூர்போன் ரோஜா பின்னுக்குச் சென்றது.

பூர்போன் தீவு தமிழர்க்கு அயலானதாக நிற்கவில்லை. 1848 டிசம்பர் 20-ஆம் நாள் அங்கு அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் புதுச்சேரி, காரைக்கால் முதலிய துறைமுகங்கள் வழியே தமிழர் பலர் கப்பலேறினர். 1860-இல் ஆங்கில அரசும் பிரெஞ்சு அரசும் செய்துகொண்ட உடன்படிக்கையால் அது பெருகிற்று. தொழிலாளர் படும் துன்பம் கண்டு ஆங்கில அரசு 1882-இல் அதனை நிறுத்திற்று. சென்றவர் மொழியைப் பெரும்பாலும் இழந்தனர், வழிபாட்டை இழக்கவில்லை. சேன் அந்திரே, சேன் போல் முதலிய ஊர்களில் அவர்தம் வழியினர் எழுப்பிய கோயில்களில் காவடியும் தீமிதியும் இன்றும் நடைபெறுகின்றன. பன்னீர் ரோஜா பிறந்த சேன் பெனுவாவிலிருந்து சேன் அந்திரே தொலைவில் இல்லை. இரண்டும் அதே கிழக்குக் கரையினவே.

இந்தியாவில் இம்மலர் ‘எட்வர்ட்’ ஆயிற்று. எதுவார் என்னும் பிரெஞ்சுப் பெயரின் ஆங்கில வடிவம் அது. ஏழாம் எட்வர்ட் மன்னர் பெயரோ என எண்ணத் தோன்றும். அம்மன்னர் முடிசூடுவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே செடி இப்பெயர் பெற்றுவிட்டது. கல்கத்தாத் தாவரத் தோட்டத்தினின்றே அது தீவுக்குச் சென்றது எனக் கருதும் ரோஜா நூலாரும் உளர். எவ்வாறாயினும் வெயில் நாட்டில் வேரூன்றுவதற்கு ஏற்ற செடி அது. தமாஸ்க் செழிப்பதற்குக் குளிர்காலம் வேண்டும்; கலப்பு ரோஜாக்களை ஒட்டுக்கட்டி வளர்த்தல் வேண்டும்; எட்வர்டுக்கோ முற்றிய கழியை வெட்டி ஈரமண்ணில் ஊன்றினாற் போதும். தன் வேரிலேயே தான் நிற்கும். கால்காசு செலவின்றி அண்டை வீட்டாரிடம் பெற்ற கழியினின்று ஒரு தோட்டமே உண்டாக்கிய உழவர் பலர். உதிரிப்பூச் சாகுபடிக்கு எட்வர்டையும் ஆந்திரச் சிவப்பு ரோஜாவையும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் குறிப்பிடுகின்றது. வரிசைக்கு வரிசை 2 மீட்டரும் செடிக்குச் செடி 1 மீட்டரும் இடைவெளி விட்டு நடுவர். அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள காலத்தில் கவாத்து செய்வர். கவாத்து செய்யாத செடி ஓங்கி வளர்ந்து பூவைக் குறைத்துவிடும். மழைக்காலத்துக் கரும்புள்ளி நோயே இதன் பகை.

மலரைப் பறிப்பது விடியுமுன். கதிரவன் ஏறினால் மணம் காற்றோடு போய்விடும். இதழ் மெல்லியது, மாலைக்குள் உதிரத் தொடங்கும். நெடுந்தொலைவு கொண்டுசெல்ல இயலாது. ஆதலின் நிலக்கோட்டை போன்ற பூச்சந்தைகளும் அண்மையிலுள்ள கோயில்களுமே இதற்குத் துணை. இங்குதான் இம்மலருக்கு நெருக்கடி. ஓசூர்ப் பகுதியின் பசுமைக்குடில்களில் விளையும் கலப்பு ரோஜா பல நாள் வாடாது. நிமிர்ந்த காம்பும் தடித்த இதழும் கொண்டது. மாலை கட்டுவோர்க்கு எளிது. வாடாமையை நோக்கியே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் மணம் கவனிப்பாரற்றுப் போயிற்று. ரோஜா மணத்தின் பகுதியான ஜெரானியாலைச் செடி ஆக்குவதற்குரிய நொதி எது என்பதை 2015-இல் பிரெஞ்சு ஆய்வாளர் கண்டறிந்தனர். மணமற்ற ரோஜாக்களில் அந்நொதி மிகக் குறைவு. வாங்குவோர் மணத்துக்கு விலை தராதபோது, விடியுமுன் எழுந்து முள்ளிடைக் கைவிட்டு உதிரிப்பூப் பறிக்கும் குடும்பம் எத்தனை நாள் பொறுக்கும்? செடியைப் பிடுங்கி வேறு பயிர் வைக்கின்றது.

சோழர் காலக் கல்வெட்டுக்கள் திருநந்தவனத்துக்கும் செங்கழுநீர் ஓடைக்கும் நிலம் விட்டதை நிரம்பக் கூறுகின்றன. பூப்பறிப்பார்க்கும் மாலை கட்டுவார்க்கும் நிவந்தம் அளித்ததையும் கூறுகின்றன. தொலைவு செல்ல இயலாத மலருக்குக் கோயில் மதிலின் உட்புறமே தகுந்த நிலம். குடமுழுக்கின்போது கோபுரத்துக்கும் கலசத்துக்கும் பொருள் வழங்கும் அன்பர்கள், மதிலோரத்தில் நாலு வரிசை எட்வர்ட் ரோஜாவுக்கும் கிணற்று நீருக்கும் ஓர் ஆளுக்கும் வழி செய்தால், அந்த மலரைச் சந்தையினின்று வாங்க வேண்டிய நிலை இராது. தீவில் அது பிறந்ததும் வேலியோரத்தில்தான். அதற்கு அகன்ற இடம் வேண்டுவதில்லை.

வடநாட்டு நாற்றங்கால்களில் எட்வர்டுக்கு மற்றொரு வேலையும் தந்துள்ளனர். அதன் உறுதியான வேரின்மேல் கலப்பு ரோஜாவின் மொட்டை ஒட்டி விற்பர். பெயரும் நிறமும் மேலுள்ள மலருக்கே. சில ஆண்டுகளில் ஒட்டுப் பகுதி பட்டுப்போவதுண்டு. உடையவர் செடி போயிற்றென்று விட்டுவிடுவார். மழை பெய்ததும் ஒட்டுக்குக் கீழிருந்து வேறு இலையோடு ஒரு தளிர் கிளம்பும். அடுத்த கவாத்துக்குப் பின் அதில் இளஞ்சிவப்பு மலர் பூக்கும். மணமும் உடன் வரும்.