பாசிட்டிவ் ரிப்போர்ட்டும் செவ்வாய்ப் பாறையும்

1/
வார்டில் காய்ச்சலோடு ஒருத்தர் படுத்திருப்பார். பிளட் கல்ச்சர் அனுப்பியிருப்போம். "ரிசல்ட் வந்துருச்சா டாக்டர்?"னு அவர் மனைவி காலையும் சாயங்காலமும் கேட்பாங்க. கிருமி வளர்ந்து, அது எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை அனுபவத்தை வைத்து ஒரு ஆன்டிபயாடிக் போட்டுக் காத்திருப்போம்.

கிருமியை வளர்க்காமல், சாயம் ஏற்றாமல், வெறும் ஒளியை அடித்தே அது யாரென்று கண்டுபிடிக்க முடிந்தால்? அப்படி ஒரு வழி இருக்கு. செவ்வாயில் உயிரைத் தேடவும் அதையேதான் அனுப்பியிருக்காங்க. கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க.

2/
கதை ஒரு கப்பலில் ஆரம்பிக்குது. ஆண்டு 1921. திருச்சியில் பிறந்து கல்கத்தாவில் பேராசிரியராக இருந்த சி.வி.ராமன், இங்கிலாந்து போய்விட்டு நார்குண்டா கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். வயது 32. மத்தியதரைக் கடலின் நீலம் அவரை யோசிக்க வைத்தது.

வானத்தின் நீலம்தான் கடலில் பிரதிபலிக்கிறது என்று சொல்லியிருந்தவர் சாதாரண ஆள் இல்லை, நோபல் பரிசு பெற்ற ராலே. ராமன் அதை அப்படியே ஏற்கவில்லை. நிக்கோல் பட்டகம் வழியாக, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை வெட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை. அப்படீன்னா, ஒளியைச் சிதறடிப்பது தண்ணீரேதான்.

3/
அங்கே பிடித்த நூலை அவர் ஏழு வருஷம் விடவில்லை. கூடவே வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன். 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தா ஆய்வுக்கூடத்தில் விஷயம் உறுதியானது: சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருகிறது. அதுதான் ராமன் விளைவு. 1930இல் நோபல்.

நெஞ்சில் விரலை வைத்துத் தட்டிப் பார்ப்போமே, உள்ளே காற்றா நீரா என்று சத்தமே சொல்லிவிடும். இதுவும் அந்த மாதிரிதான். ஒளி மூலக்கூறைத் 'தட்டுகிறது'. மூலக்கூறு அதிர்ந்து கொஞ்சம் ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு எடுத்தது என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு மாறும். அதுதான் அதன் கைரேகை.

4/
ஒரே சிக்கல், தோராயமாக ஒரு கோடி ஒளித்துகளில் ஒன்றுதான் இப்படி மாறி வரும். அதனால் பல காலம் இது வேதியியல் ஆய்வகத்துக்குள்ளேயே இருந்தது. 1960இல் லேசர் வந்தது. பிறகு மைக்ரோஸ்கோப்போடு இணைந்தது. 1990இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் உயிரோடு இருந்த ஒற்றைச் செல்லையே ராமன் முறையில் படித்துக் காட்டினார்கள்.

1990களில் பிரிட்டனைச் சேர்ந்த எட்வர்ட்ஸ், வின்-வில்லியம்ஸ் குழு அண்டார்டிகாவுக்குத் திரும்பியது. அங்கே கடும் குளிருக்கும் புற ஊதாக் கதிருக்கும் தப்பிக்க, பாறைக்குள்ளேயே குடியிருக்கும் உயிரினங்கள் உண்டு. அவற்றின் நிறமிகளை ராமன் ஒளி காட்டிக்கொடுத்தது. குளிர்ந்த, வறண்ட செவ்வாயிலும் இப்படித்தானே தேடணும்?

5/
இப்போ முக்கியமான கட்டம். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஏபெக்ஸ் பாறை, வயது ஏறத்தாழ 350 கோடி ஆண்டு. அதில் 11 வகை நுண்ணுயிர்ப் படிவங்களைக் கண்டதாக 1993இல் அமெரிக்காவின் வில்லியம் ஷாப் அறிவித்தார். 2002இல் ராமன் ஆதாரத்தோடு வந்தார்: "இந்த இழைகளில் கார்பன் இருக்கு."

அதே 'நேச்சர்' இதழில், அடுத்த கட்டுரையே மறுப்பு. ஆக்ஸ்ஃபோர்டின் மார்ட்டின் பிரேசியர் சொன்னது: கார்பன் இருப்பது சரிதான். ஆனால் இந்தப் பாறை வெந்நீர் ஊற்றில் உருவானது, உயிர் இல்லாமலும் இப்படிக் கார்பன் படியும்.

2011இல் கான்சாஸ் ஆய்வாளர்கள் அதே இடத்துப் பாறையை அதே ராமன் முறையில் பார்த்தார்கள். இழை போலத் தெரிந்தவை நுண்ணிய விரிசல்கள், உள்ளே அடைத்திருந்தது இரும்புத் தாதுவும் குவார்ட்ஸும் என்றார்கள். வாதம் இன்னும் முழுசா ஓயவில்லை.

6/
டாக்டர்களுக்கு இது பழக்கமான கதை. "சார், வைடால் பாசிட்டிவ், டைபாய்டு ஊசி போடுங்க"னு ரிப்போர்ட்டை நீட்டுறவங்க எத்தனை பேர்! வைடால் காட்டுவது எதிர்ப்புப் புரதத்தை. அது பழைய தொற்றாலும் இருக்கலாம், போட்ட தடுப்பூசியாலும் இருக்கலாம். டெஸ்ட் பொய் சொல்லவில்லை. நாம்தான் அது சொல்லாததையும் சேர்த்து வாசிக்கிறோம்.

ராமன் ஒளியும் அப்படித்தான். 'இங்கே கார்பன் இருக்கு' என்று சொல்லும். அதை வைத்தது யாருன்னு சொல்லாது.

7/
2021 பிப்ரவரி 18, பெர்செவரன்ஸ் செவ்வாயில் இறங்கியது. அதன் கையில் ஷெர்லாக், தலையில் சூப்பர்கேம். செவ்வாய்க்குப் போன முதல் ராமன் கருவிகள் இவைதான். 2024 ஜூலையில், பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கு ஒன்றில் சிறுத்தைப் புள்ளி போட்ட ஒரு பாறை. பெயர் சேயாவா ஃபால்ஸ். அங்கே ஷெர்லாக் கண்டது கரிமக் கார்பனின் சமிக்ஞை. ஏபெக்ஸ் பாறையில் சண்டை கிளப்பிய அதே 'ஜி பேண்ட்'!

புள்ளிகளில் விவியனைட், கிரெய்கைட் என்ற இரும்புத் தாதுக்கள் இருக்கலாம் என்று வேறு கருவிகள் காட்டின. பூமியில் இவற்றை நுண்ணுயிரிகள் உண்டாக்குவதுண்டு. உயிரில்லாமலும் உண்டாகும். அதனால்தான் 2025 செப்டம்பரில் வந்த கட்டுரை 'உயிரின் அடையாளமாக இருக்கக்கூடியது' என்பதோடு நிறுத்திக்கொண்டது. ஏபெக்ஸ் கற்றுக்கொடுத்த நிதானம் இது.

8/
சரி, நம்ம வார்டுக்கு எப்போ வரும்? 2019இல் ஸ்டான்ஃபோர்டு குழு, 30 வகை நோய்க்கிருமிகளை ராமன் ஒளியாலும் கணினியாலும் 82 சதவீதத்துக்கு மேல் சரியாக அடையாளம் கண்டது. ஆனால் அது ஆய்வகத்தில் வளர்த்த கிருமி. நோயாளியின் ஒரு மில்லி ரத்தத்தில் ஒன்றிரண்டு பாக்டீரியா மட்டுமே கூட இருக்கலாம். அதைத் தேடிப் பிடிப்பதுதான் பாக்கி வேலை. அது கைகூடும் நாளில், காலையில் கேட்ட அந்த அம்மாவுக்கு அன்று சாயங்காலமே பதில் சொல்லிவிடலாம்.

9/
அடுத்த முறை 'செவ்வாயில் உயிர் கண்டுபிடிப்பு!'னு ஃபார்வர்டு வந்தா ஒரு நிமிஷம் நில்லுங்க. வந்திருப்பது டெஸ்ட் ரிப்போர்ட்டா, நோயே உறுதியாயிடுச்சா? உங்க கையில் இருக்கும் லேப் ரிப்போர்ட்டுக்கும் இதே கேள்விதான். பெரியவர் சொன்ன பதிலையே இன்னொரு தடவை சோதித்துப் பார்த்ததால்தான் ராமனுக்குக் கடலின் நீலம் புரிந்தது.

டூட்டிக்கு நேரமாச்சு.