ஃபிளின்ட் நகரத்துத் தண்ணி

தண்ணிக்கு நிறம் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரத்துக் கறுப்பின மக்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

கார் தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர் அது. ஆலைகள் மூட மூட வேலை போனது, வசதியுள்ளவனும் போனான். மிஞ்சியவர்களில் பாதிக்கு மேல் கறுப்பர்கள். பத்தில் நாலு பேர் வறுமையில். 2011இல் நகரத்தின் நிதி நெருக்கடியைக் காட்டி, மாநில ஆளுநர் ஒரு அவசரகால மேலாளரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். சனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மன்றம் பொம்மையானது.

செலவைக் குறைக்கிறோம் என்று டெட்ராய்ட்டிலிருந்து வந்த தண்ணீரை நிறுத்தி, 2014 ஏப்ரல் 25 அன்று ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். சுத்திகரிப்பு ஆலை இன்னும் தயாராகவில்லை என்று அங்கே வேலை பார்த்தவரே எழுதியிருந்தார். யார் கேட்டது?

வடிகட்டி குளோரின் போட்டால் மட்டும் போதாது. பழைய ஈயக் குழாய் அரிக்காமலிருக்கப் பாஸ்பேட் சேர்க்க வேண்டும். அது குழாயின் உள்ளே படலமாகப் படிந்து காக்கும். டெட்ராய்ட் தண்ணீரில் அது இருந்தது. ஃபிளின்ட் ஆலையில் சேர்க்கவில்லை. ஆற்றுத் தண்ணீர் குழாயைத் தின்றது. ஈயம் பிள்ளைகளின் ரத்தத்தில் ஏறியது. அதே காலத்தில் பரவிய லெஜியோனேர் நோயில் குறைந்தது 12 பேர் செத்தார்கள்.

கலங்கி நாறிய தண்ணியைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்ச் சனங்கள் காட்டினார்கள். 'நல்லாத்தானே இருக்கு' என்றது அதிகாரம். 2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ், தன் எஞ்சின் பாகங்களை இந்தத் தண்ணீர் அரிக்கிறது என்றது. அதற்கு மட்டும் வேறு தண்ணீர் கிடைத்தது. இரும்புக்குக் கிடைத்த நியாயம் பிள்ளைகளுக்குக் கிடைக்க இன்னும் ஓராண்டு ஆனது. 2015 செப்டம்பரில் குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா ரத்தப் பரிசோதனைக் கணக்கை வெளியிட்டார். முதலில் அவரையே குறை சொன்ன அரசு, பிறகு பணிந்தது. அக்டோபரில் டெட்ராய்ட் தண்ணீர் திரும்பி வந்தது.

இதன் வேரில் இருப்பது அமைப்பில் ஊறிய இனவெறி என்று 2017இல் மிச்சிகன் சிவில் உரிமைகள் ஆணையமே எழுதியது.

1927இல் மகாத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் நிலைநாட்டியது தண்ணியைத் தொட்டுக் குடிக்கும் உரிமை. ஃபிளின்ட் அதற்கு அடுத்த பாடம். தெருவுக்குக் குழாய் வந்திருச்சுன்னு நாம சும்மா இருக்க முடியாது. ஆலையில என்ன போடுறாங்க, எதைப் போடாம விடுறாங்க, சோதனைக் கணக்கு எங்கேன்னு கேட்கணும். அந்தக் கணக்கு குடிக்கிறவன் கைக்கு வராதவரை, குழாயும் தீண்டாமையின் இன்னொரு வழிதான்.