அமிலப் புகையும் அரசாங்கப் பரிசோதகரும்

நச்சுக் கழிவை வெளியேற்றும் தொழிற்சாலைக்குள் அரசாங்கப் பரிசோதகர் ஒருவர் கருவியோடு நுழைந்து, விதி கைக்கொள்ளப்படுகின்றதா என அளந்து பார்க்கும் வழக்கம் இன்று உலகெங்கும் உண்டு. இவ்வழக்கத்தின் வரலாற்றிலே தனியிடம் பெற்றது, 1863ஆம் ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய காரத் தொழிற்சாலைச் சட்டமாகும்.

சவர்க்காரத்துக்கும் கண்ணாடிக்கும் துணித் தொழிலுக்கும் இன்றியமையாத பொருள் சோடாக்காரம். பிரெஞ்சு வைத்தியரான நிக்கொலா லெபிளாங் என்பார் 1791இல் உரிமம் பெற்ற முறைப்படி, கறியுப்பைக் கந்தகவமிலத்தோடு சூடாக்கி, பின்னர் சுண்ணாம்புக் கல்லும் நிலக்கரியும் சேர்த்து எரித்து அக்காரத்தைப் பெற்றனர். முதற்படியில் ஐதரோகுளோரிக்கமில வாயு எழுந்தது. இறுதியில் கந்தகங் கலந்த கழிவு மண் குவிந்தது. 1823இல் ஜேம்ஸ் மஸ்பிராற் என்பவர் லிவர்ப்பூல் நகரில் இத்தொழிலைத் தொடங்கினார். பின்னர் அது சென்ற் ஹெலன்ஸ், விட்னஸ் முதலிய ஊர்களிற் பரவியது. வாயு படிந்த இடமெங்கும் மரங்கள் இலையுதிர்ந்து நின்றன, பயிர் கருகியது, இரும்புக் கருவிகள் துருவேறின.

ஆலை முதலாளிகள் முதலிற் கண்ட பரிகாரம் உயர்ந்த புகைபோக்கி. கிளாஸ்கோ நகரில் 1842இல் எழுந்த ஒன்று 400 அடிக்கு மேல் உயர்ந்திருந்தது. ஆயின் உயரம் நஞ்சைக் குறைக்கவில்லை. தொலைவிலுள்ள வயல்களுக்கும் அதனைப் பங்கிட்டது. உண்மையான பரிகாரத்தை வில்லியம் கோசேஜ் என்பார் 1836இலேயே கண்டிருந்தார். கைவிடப்பட்ட காற்றாலைக் கோபுரம் ஒன்றிற் சுள்ளிகளை நிரப்பி, மேலிருந்து நீரைச் சொரியவிட்டு, அதனூடாக வாயுவைச் செலுத்தினார். வாயு நீரிற் கரைந்தது. வழி இவ்வாறு கைவசமிருந்தும் பலர் அதனை ஒழுங்காகக் கையாளவில்லை. பயிரிழந்த கமக்காரன் நீதிமன்றஞ் செல்லலாம். ஆனால் பத்துப் புகைபோக்கிகள் அருகருகே நிற்கும் ஊரில், தன் பயிரைக் கெடுத்தது எவருடைய புகை என்று அவன் எங்ஙனம் நிறுவுவான்?

1862இல் டார்பி பிரபு இவ்விடயத்தைப் பிரபுக்கள் சபையில் எழுப்பினார். அவர் முன்னர் பிரதம மந்திரியாக இருந்தவர். அவருடைய நிலங்களும் சென்ற் ஹெலன்ஸுக்கு அண்மையிலேயே கிடந்தன. விசாரணைக் குழு அமைக்கப்பட்டு, அடுத்த ஆண்டு சட்டம் நிறைவேறியது. ஆலையில் எழும் அமில வாயுவில் நூற்றுக்கு 95 பங்கேனும் நீரிற் கரைக்கப்படல் வேண்டும் என்பது அதன் விதி. தொழிலுக்கு இடையூறின்றி, இரவாயினும் பகலாயினும், முன்னறிவித்தலின்றி ஆலைக்குள் நுழையும் அதிகாரம் பரிசோதகருக்கு வழங்கப்பட்டது. ஓர் எண்ணும் ஒரு திறவுகோலும் அவர் கையிற் கொடுக்கப்பட்டன எனலாம்.

முதற் பரிசோதகராக நியமனம் பெற்றவர் ஸ்கொத்லாந்தில் 1817இற் பிறந்த இரசாயனவியலறிஞர் றொபேட் அங்கஸ் ஸ்மித். மன்செஸ்ரர் நகர மழைநீரை ஆராய்ந்து 1852இல் எழுதியவர். 'அமில மழை' என்னுந் தொடரை 1872இல் வெளிவந்த தமது நூலில் வழங்கியவரும் இவரே. நாடெங்கும் பரந்து கிடந்த ஆலைகளைப் பார்வையிட, நான்கு உதவிப் பரிசோதகர்களே அவருக்கு இருந்தனர். அவர்கள் புகைக்குழாயிலிருந்து வாயுவை உறிஞ்சியெடுத்து, அதிலுள்ள அமிலத்தைக் கணித்தனர். அவர்களுள் ஒருவரான அல்பிரட் பிளெச்சர், குழாயினுள் வாயு ஓடும் வேகத்தை அளக்கக் கருவியொன்றை ஆக்கினார். வழக்குத் தொடுப்பதிலும் வழிகாட்டுவதே பயன்தருமென ஸ்மித் கருதினார். பிழை கண்ட இடத்தில், கோபுரத்தை எங்ஙனஞ் சீர்செய்வது என்று முதலாளிக்கு எடுத்துக் கூறினார். சட்டம் நடைமுறைக்கு வந்த முதலாண்டிலேயே பெரும்பாலான ஆலைகள் விதித்த எல்லையைத் தாண்டிச் சிறந்து நின்றன. ஆயினும், அவர் முதலாளிகளோடு மிகையாக இணங்கிப் போகின்றார் என்ற குறையும் அக்காலத்தில் எழாமலில்லை.

பரிசோதகர் தம் கடமையைச் செய்தார். ஆனால் தீங்கு முற்றாக நீங்கவில்லை. காரணம் சட்டம் தேர்ந்த அளவுகோலில் இருந்தது. விதி கூறியது விகிதத்தையே, மொத்த அளவையன்று. ஆலைகள் இருமடங்காகுமாயின், எஞ்சிய ஐந்து பங்கும் இருமடங்காகும். ஒவ்வொரு முதலாளியும் சட்டப்படி நடப்பார். ஊர் மரங்களோ பட்டுப்போகும். எனவே, ஒரு கன அடி வாயுவில் ஐந்திலொரு கிறெயினுக்கு மேல் அமிலம் இருத்தலாகாது என 1874ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வரையறுத்தது.

இன்னொரு குறை அதனினும் பெரிது. வானிற் செல்லாது தடுக்கப்பட்ட அமிலம் எங்கே சென்றது? வெளுப்புத் தூள் செய்ய ஒரு பகுதி பயன்பட்டது. மிஞ்சியது ஓடைகளில் விடப்பட்டது. ஆலையருகே மலைபோற் குவிந்து கிடந்த கழிவு மண்ணோடு அவ்வமிலம் கலந்தபோது, அழுகிய முட்டை நாற்றமுடைய ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சுவாயு பிறந்தது. காற்றைக் காத்த சட்டம் நீரையும் நிலத்தையும் மறந்துவிட்டது. அரச ஆணைக்குழுவொன்று 1878இல் அறிக்கை சமர்ப்பித்தது. அதன்பின் வந்த 1881ஆம் ஆண்டுச் சட்டமே அமில நீரைக் கழிவு மண்ணோடு கலக்கவிடலாகாது என விதித்தது. ஸ்மித் 1884இல் மறைந்தார். பிளெச்சர் அவர் இடத்தைப் பெற்றார். லெபிளாங் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழக்கொழிந்தது. எனினும் அக்கழிவு மண் விட்னஸ் ஊரின் நிலத்தடியிலே பின்னருங் கிடந்தது.

கழிவுக்கு இவ்வாறு இடம்பெயரும் இயல்புண்டு. வானில் அடைத்தால் நீருக்குச் செல்லும். நீரில் அடைத்தால் நிலத்திற் குவியும். உள்நாட்டிற் செலவு மிகுந்தால் கடல் கடந்தும் போகும். நச்சுக் கழிவு நாடுவிட்டு நாடு செல்வதைக் கட்டுப்படுத்த 1989இல் பாசெல் உடன்படிக்கை உருவானது இதனாலேயே. இலங்கையும் இதனை நேரிற் கண்டது. பழைய மெத்தைகள், தரைவிரிப்புகள் என்ற பெயரில் ஐக்கிய இராச்சியத்திலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த கொள்கலன்களிலே வைத்தியசாலைக் கழிவுகளும் இருந்தமை 2019இல் வெளிப்பட்டது. 2020இல் திருப்பியனுப்பத் தொடங்கிய அக்கொள்கலன்களுள் இறுதித் தொகுதி 2022இலேயே கரை நீங்கியது.

ஸ்மித்தின் காலத்தில் ஆலைக் கதவு. அண்மைக் காலத்தில் கொள்கலன் கதவு. இரண்டையும் திறந்து பார்க்க ஓர் அதிகாரி வேண்டியிருந்தது. அவர் கையிலுள்ள விதி எதை அளக்கச் சொல்கின்றதோ அதை மட்டுமே அவர் தடுத்தல் கூடும். ஆகவே, ‘இங்கே தடுத்தது வேறெங்கே சென்றது?’ என்ற வினாவைப் பரிசோதகரும் சட்டமியற்றுவோரும் பொதுமக்களும் இடையறாது கேட்டுக்கொண்டிருத்தல் வேண்டும்.