‘காரணம்’ என்ற கட்டத்தை நிரப்பியவர் யார்?



டீக்கடையிலும் பஸ்ஸிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “அந்த ஊர்க்காரங்க பரம்பரையே அப்படித்தான். குடியும் கஞ்சாவும் ரத்தத்துல ஊறினது.” படித்தவர்களும் சொல்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கம் பல வருடம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். இந்தப் பேச்சுக்கும் ஒரு வரலாறு உண்டு.

1893-ல் ஆங்கிலேய அரசு இரண்டு ஆணையங்களை அமைத்தது. ஒன்று அபின் பற்றியது. இங்கிலாந்தில் 1868-லேயே அபினை விஷம் என்று சீட்டு ஒட்டித்தான் விற்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஆனால் இந்த ஆணையத்தின் முன் பல டாக்டர்களும் அதிகாரிகளும் வேறு கதை சொன்னார்கள். ஆசியர் உடம்பு வேறு, அபின் அதற்குப் பெரிய கெடுதல் செய்யாது, வெள்ளைக்காரருக்கு மது எப்படியோ இந்தியருக்கு அபின் அப்படி என்றார்கள். சீனாவுக்கு அபின் அனுப்பி அரசு பார்த்த வருமானத்தை நினைத்தால், இந்த ‘விஞ்ஞானம்’ யாருக்கு உதவியது என்று புரியும். 1895-ல் தடை வேண்டாம் என்றே அறிக்கை வந்தது. உறுப்பினர் ஹென்றி வில்சன் மட்டும் மறுப்புக் குறிப்பு எழுதினார்.

மற்றது கஞ்சா ஆணையம். கஞ்சா குடித்துத்தான் இந்தியர்கள் பைத்தியமாகிறார்கள் என்பதற்கு மனநோய் விடுதிகளின் கணக்கையே ஆதாரமாகக் காட்டி வந்தார்கள். 1,193 சாட்சிகளை விசாரித்த ஆணையம் அந்தப் பதிவேடுகளையும் புரட்டிப் பார்த்தது. நோயாளியோடு வந்த போலீஸ் தாளில் ‘கஞ்சா’ என்று இருந்தால், விடுதியிலும் காரணம் என்ற கட்டத்தில் அதையே எழுதியிருந்தார்கள். பல இடங்களில் யாரும் விசாரிக்கவே இல்லை. அந்தக் கணக்கை நம்ப முடியாது என்று ஆணையமே எழுதியது. கஞ்சா நல்லது என்று நான் சொல்லவில்லை. கணக்கு எப்படிப் பிறந்தது என்று கேளுங்கள் என்கிறேன்.

நம் மதுரைச் சீமைக்கு வருவோம். 1911-ம் வருடக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பிரமலைக் கள்ளர்களிடம் கைரேகை எடுத்தார்கள். பிறப்பே பதிவேட்டில் குற்றமாக ஏறியது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று மாயக்காள் உள்ளிட்டோர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 1947-ல் சட்டம் போனது. ஆனால் சந்தேகம் போய்விட்டதா? ஒரு தெருவில் மட்டும் போலீஸ் அதிகம் நின்றால், அங்கே பிடிபடுகிறவர்களும் அதிகம் இருப்பார்கள். பிறகு அந்தக் கணக்கைக் காட்டியே “பார்த்தீர்களா?” என்பார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். புளோரிடாவின் பினெல்லஸ் மாவட்டத்தில் 715 கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்த ஆய்வு 1990-ல் வெளிவந்தது. போதைப்பொருள் கலந்திருந்த அளவு வெள்ளையரிடமும் கறுப்பரிடமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அரசுக்குப் புகார் போனது, கறுப்பினப் பெண்கள் மேல் சுமார் பத்து மடங்கு அதிகம். புகார்க் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் எந்த முடிவுக்கு வந்திருப்போம்?

இன்று கல்லூரிப் பிள்ளைகள் குடிப்பழக்கம் பற்றி ஆய்வு செய்ய நம் கிராமங்களுக்கு வருகிறார்கள். படிவத்தில் சாதி என்ற கட்டம் இருக்கட்டும். பாகுபாட்டை அளக்க அது வேண்டும். ஆனால் சாதியைக் காரணமாக எழுதாதீர்கள் தம்பி, தங்கைகளே. வேலை உண்டா, கடன் எவ்வளவு, சாராயக்கடை எவ்வளவு தூரம், போதை மறுவாழ்வு மையம் எவ்வளவு தூரம், போலீஸ் எத்தனை முறை வந்தது என்றும் கேளுங்கள்.

ஒரே பழக்கம்தான். ஒரு தெருப் பையனை டாக்டரிடம் அழைத்துப் போகிறோம், இன்னொரு தெருப் பையனை ஸ்டேஷனுக்கு இழுத்துப் போகிறோம். யார் எங்கே போவது என்பதை நீங்கள் எழுதும் அறிக்கையும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது.