அவசரம் என்று யார் சொல்வது?

தோழர்களே, எது அவசரம் என்பதை நாடாளுமன்றம் எப்படி முடிவு செய்கிறது? அதன் வரலாற்றைப் பார்த்தால், நம் துயரம் ஏன் அவை வாசலிலேயே நிற்கிறது என்பது விளங்கும்.

பிரிட்டன் கீழவையில் ஒரு காலத்தில் எந்த உறுப்பினரும் அவையை ஒத்திவைக்கக் கோரி, தான் விரும்பிய பொருளைப் பேச முடிந்தது. அயர்லாந்து உறுப்பினர்கள் தங்கள் மண்ணின் உரிமைக்காக விவாதங்களை நீட்டி அவையை முடக்கினார்கள். அதற்குப் பதிலாக 1882இல் வேலி போடப்பட்டது. பொருள் திட்டவட்டமானதாகவும் அவசரமானதாகவும் பொது முக்கியத்துவம் உடையதாகவும் இருக்க வேண்டும். அவை அனுமதிக்காவிட்டால் 40 பேர் எழுந்து நிற்க வேண்டும்.

அந்த வேலியின் வார்த்தைகளே நம் மக்களவையின் ஒத்திவைப்புத் தீர்மான விதியிலும் உள்ளன. சபாநாயகர் இசைய வேண்டும். யாராவது மறுத்தால் 50 பேர் எழ வேண்டும். விஷயம் ஒன்றாகவும் அண்மையில் நடந்ததாகவும் இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் இருப்பதைப் பேசக் கூடாது.

இந்த அளவுகோலைச் சாதிக்கொடுமைக்கு வைத்துப் பாருங்கள். ஒரு சேரி எரிந்தால் அது மாநிலத்தின் சட்டம் ஒழுங்கு. வழக்குப் பதிவானால் விசாரணையில் உள்ளது. பல ஊர்களில் நடந்தால் ஒரே விஷயம் அல்ல. தலைமுறைகளாக நடந்தால் அண்மையது அல்ல. நாள்தோறும் நடப்பது என்பதாலேயே அது அவசரம் இல்லை என்றாகிவிடுகிறது.

50 பேர் கிடைக்க மாட்டார்களா? மக்களவையில் பட்டியல் சாதியினருக்கு 84 தனித்தொகுதிகள் உள்ளன. ஆனால் அவர்கள் கட்சிவாரியாகவே எழுகிறார்கள், அமர்கிறார்கள். 1932இல் பூனா ஒப்பந்தத்தால் தனி வாக்காளர் தொகுதியை நாம் இழந்ததன் விலை இது.

மாநிலங்களவையில் ஒத்திவைப்புத் தீர்மானமே கிடையாது. 2017 மே மாதம் சகாரன்பூர் மாவட்டத்தில் தலித் வீடுகள் கொளுத்தப்பட்டன. ஜூலை 18 அன்று அதைப் பேச எழுந்த மாயாவதிக்கு மூன்று நிமிடம் தரப்பட்டது. தன் மக்களுக்காகப் பேச முடியாத அவையில் இருப்பதில் பொருளில்லை என்று அன்றே பதவி விலகினார். ஒரு முன்னாள் முதல்வருக்கே அந்த அளவுதான்.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவின்படி, ஒன்றிய அரசு ஆண்டுதோறும் இரு அவைகளிலும் அறிக்கை வைக்க வேண்டும். வைத்தால் மட்டும் போதாது. அந்த அறிக்கையின் மீது முழு விவாதம் கட்டாயம் என்று விதியில் எழுத வேண்டும். யாருடைய இசைவுக்கும் காத்திராத ஒரு நாளை நாம் கேட்கிறோம்.