யாப்பகுவா: படிக்கட்டே கோட்டை

ஹெவ்லொக் டவுன்காரருக்குக் கறுவாத்தோட்டத்து நூதனசாலை அயல்வீடு மாதிரி. மழைக்கு ஒதுங்கப் போய், அங்குள்ள கற்சாளரம் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டேன். ஒரே பலகைக் கல். வட்டம் வட்டமாகத் துளைத்து, வட்டங்களுக்குள் ஆடற்பெண்களும் விலங்குகளும். மரத்தில் செய்யவே கை நடுங்கும் வேலை. இதைப் பெயர்த்து வந்த இடம் யாப்பகுவா.

யாழ்ப்பாண ரயிலில் போனவர்களுக்கு மாகோ சந்தி தெரியும்; மட்டக்களப்புப் பாதை பிரிவது அங்கேதான். இறங்கி முச்சக்கர வண்டி பிடித்தால் சற்று நேரத்தில் சமவெளியிலிருந்து திடீரென எழும் பாறை, சுமார் 90 மீற்றர்.

1272 இல் மன்னன் நான்காம் விஜயபாகுவை அவனுடைய தளபதி மித்தனே கொன்றான். தம்பி புவனேகபாகு உயிர் தப்பி வந்தது இந்தப் பாறைக்கு. மித்தனின் தலையைக் கொய்தவன் தக்குரகன் என்ற வடஇந்தியக் கூலிப்படை வீரன். சம்பளம் கொடுத்து அவனை வளைக்கலாம் என்று மித்தன் போட்ட கணக்குப் பிழைத்தது. பின்னர் புவனேகபாகு யாப்பகுவாவையே தலைநகராக்கினான். 1283 இல் கெய்ரோவின் சுல்தானுக்கு அவன் தூது அனுப்பினான். இடிபாடுகளில் சீனப் பீங்கானும் கிடைத்திருக்கிறது. ஒளிந்துகொள்ள வந்த இடத்திலிருந்து உலகத்தோடு வியாபாரம்!

அடிவாரத்தில் அகழியும் மதிலும் உண்டு. ஆனாலும் எனக்கென்னவோ இது கோட்டை போலவே படவில்லை. செங்குத்தான அந்தப் படிக்கட்டில் ஏறுங்கள்: இருபுறமும் பிதுங்கிய கண்ணுடன் சிங்கங்கள் (பழைய பத்து ரூபாய்த் தாளில் பார்த்த அதே முகம்), மேலே தவிலும் தாளமுமாக ஒரு கற்கச்சேரி. தென்னிந்தியச் சிற்ப மரபு இங்கே ஒளிவுமறைவின்றித் தெரிகிறது.

அந்தத் தெற்கிலிருந்தே படையும் வந்தது. புவனேகபாகு இறந்தபின், பஞ்ச காலத்தில், பாண்டியரின் தளபதி ஆரியச்சக்கரவர்த்தி யாப்பகுவாவை அழித்துப் புத்தரின் தந்தத்தை மாறவர்மன் குலசேகரனிடம் கொண்டுபோனான். அடுத்து அரசனான மூன்றாம் பராக்கிரமபாகு போர் தொடுக்கவில்லை. நேரில் போய்ப் பேசி அதை மீட்டு வந்தான்.

படிகள் முடிந்த பிறகும் உச்சிக்கு ஒரு ஒற்றையடிப் பாதை போகிறது. வெயிலுக்கு முன் ஏறிவிடுங்கள். இறங்கும்போது நான் பக்கவாட்டில், நண்டு போலத்தான் இறங்கினேன்.